பூச்சிக்கு இடம் பிடித்துப்போன ஒன்பது வரிசை

எனெய்தா லுகுமி பொய்க்கணக்கு எழுதிவிட்டாள் என்று கூட்டத்தில் சொன்னபோது என் கையில் இருந்த கடுங்காப்பி மேசையெல்லாம் கொட்டியது. கோபத்தில் கொட்டினேன் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உண்மையில் கோப்பை கையைவிட்டு நழுவிவிட்டது. கோபம் அடுத்த நொடிதான் வந்தது, ஆனால் வந்தது சாதாரணக் கோபம் இல்லை.

பல்மீரா நகரத்துக்கு வெளியே, கரும்புக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே பூச்சிக்கூடத்துக்கு எனெய்தாதான் ராணி. சம்பளப் பட்டியலில் 'உதவியாளர், இரண்டாம் நிலை' என்று போட்டிருப்பார்கள். பட்டியல் கிடக்கட்டும். அவள் அனுமதி இல்லாமல் இயக்குநரே கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. செண்ட் பூசிக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்தி, "போய்க் கழுவிட்டு வாங்க, என் பிள்ளைங்களுக்கு மயக்கம் வரும்" என்பாள். பிள்ளைகள் என்றால் பூச்சிகள்.

சொந்த ஊர் வில்லா ரிக்கா. பதினெட்டு வயதில் கரும்புக்குக் களை எடுத்தவள், இருபத்து மூன்றில் எங்கள் நிலையத்துக்குத் தரை கூட்ட வந்தாள். அந்த டிசம்பரில் பூச்சி வளர்ப்பவன் யாரிடமும் சொல்லாமல் விடுமுறைக்குக் கடற்கரை போய்விட்டான். கூண்டுக்குள் இருந்ததெல்லாம் பட்டினி கிடந்து சாகட்டும் என்று எல்லோரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. இவள் மட்டும் கிறிஸ்துமஸ் அன்றைக்கும் சைக்கிளில் வந்து, இளம் நாற்றாகப் பார்த்துக் கூண்டில் வைத்துவிட்டுப் போனாள். ஜனவரியில் அவன் திரும்பி வந்தபோது பூச்சி இரட்டிப்பாகியிருந்தது, அவன் வேலை இவளிடம் போயிருந்தது. அப்போது பிடித்த கூண்டை முப்பத்தொரு வருஷமாக விடவில்லை. புருஷன் துறைமுகத்தில் வேலை என்று போனவன் போனவன்தான். இரண்டு பெண்களையும் இந்தப் பூச்சிதான் படிக்க வைத்தது என்பாள்.

சின்னவளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் அவளுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே, அப்படி ஒரு முறை. அந்த முறையில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், முறித்துக்கொள்ள மட்டும் முடியாது. நாங்கள் நிறையவே போட்டோம். கால்பந்தில் அவள் சிவப்புச் சட்டை அணி, நான் பச்சைச் சட்டை அணி. போதாதா?

பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொகாதா என்று பெயர். வைக்கோல் நிறத்துத் தத்துப்பூச்சி, அரை நெல்மணிகூட இருக்காது. நெல்லின் அடித்தண்டில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். செடி மஞ்சளாகும், கருகும், படுக்கும். மருந்து அடித்து அடித்து விவசாயிகள் சலித்துப்போனார்கள். மருந்து இல்லாமல் தானே தாக்குப்பிடிக்கிற நெல் வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும்.

செடிக்கு மதிப்பெண் போடுவது எனெய்தா. ஒன்று என்றால் செடி கல்லுப்போல நிற்கிறது, ஒன்பது என்றால் செத்துவிட்டது. மற்ற நிலையங்களில் அதோடு சரி. இவள் இன்னொன்றும் செய்வாள். குனிந்து தண்டில் மெல்ல ஊதுவாள். அந்த இடம் பிடிக்காத பூச்சி உடனே தத்தி ஓடிவிடும். பிடித்துப்போன பூச்சி ஓடாது, தண்டைச் சுற்றி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டு, 'நீ போன பிறகு வருகிறேன்' என்று உட்கார்ந்திருக்கும். அதையும் நோட்டில் எழுதிவைப்பாள். யாரும் கேட்டதில்லை, யாரும் படித்ததும் இல்லை.

டாக்டர் பெகோஞா வந்தபின் படிக்க ஆள் கிடைத்தது. ஸ்பெயின்காரி, பில்பாவ் நகரம். நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். சதுப்பில் முளைக்கும் காட்டு நெல் ஒன்றை, நாம் சாப்பிடும் நல்ல நெல்லோடு கலந்து, அதில் பிறந்த செடியை மறுபடி மறுபடி நல்ல நெல்லோடே கலந்து, இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை உண்டாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் கிட்டத்தட்ட நல்ல நெல்தான், உள்ளே காட்டு நெல்லின் மரபணுத் துண்டு மட்டும் ஒன்றிரண்டு அங்கங்கே ஒட்டியிருக்கும். எந்த வரிசையில் எந்தத் துண்டு என்று கண்டுபிடிப்பது என் வேலை. இலையில் பொட்டு வெட்டி, அரைத்து, இயந்திரத்தில் கொடுப்பேன். எந்த வரிசையைப் பூச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்வது எனெய்தா வேலை. என் பட்டியலையும் அவள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பூச்சியை எதிர்க்கும் குணம் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நெல்லுக்குப் பன்னிரண்டு குரோமோசோம், அதாவது பன்னிரண்டு தெரு. அந்த வரைபடத்துக்குத்தான் இத்தனை பாடு.

மே மாதம் நாலாம் தெரு சிக்கியது. பதினாலு வரிசை பூச்சியைத் துரத்தின, பதினாலிலும் நாலாம் தெருவில் ஒரே துண்டு. டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். கேக் வெட்டினோம். இடையில் ஒரு முள் மட்டும் இருந்தது. இன்னும் ஒன்பது வரிசை சாகாமல் நின்றன. எனெய்தா அவற்றுக்கு இரண்டு, மூன்று என்று போட்டிருந்தாள். அந்த ஒன்பதிலும் நாலாம் தெருத் துண்டு இல்லவே இல்லை.

ஜூன் முதல் வாரக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்று பேசினார். முகம் வெளுத்திருந்தது.

"இந்த ஒம்பது ஏன் சாகலைன்னு பாக்க ஏப்ரல் மாச நோட்டைப் பொரட்டினேன். அவங்களே எழுதி வச்சிருக்காங்க. ஒம்பதுக்கும் நேரா ஒரே வார்த்தை. அமஞாதா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இயக்குநர் சிலி நாட்டுக்காரர், அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொய்க்கணக்குன்னு மறைக்காம எழுதினாங்களே, அந்த வரைக்கும் நல்லது," என்றார் டாக்டர். "ஆனா இனிமே அவங்க மதிப்பெண்ணை நான் எப்படி நம்புறது? ஒம்பதையும் அடிச்சிடறேன். மதிப்பெண் போடுற வேலையைக் கேமராவுக்குக் குடுத்துடலாம். அவங்க தட்டு கழுவட்டும். மாசக் கடைசியில வரைபடம் கைக்கு வரலேன்னா புது நெல் கலக்குறவங்க இந்தப் பருவத்தையே விட்டுடுவாங்க."

காப்பி கொட்டியது அப்போதுதான். முப்பத்தொரு வருஷத்தைத் தட்டுக் கழுவும் தொட்டியில் போடுகிறார்களே!

"கூப்பிட்டுக் கேளுங்க! ஆளை வச்சுக்கிட்டுப் பேசுங்க!" என்று கத்தினேன்.

எனெய்தா வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பூச்சியை வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குழாய். வந்தவள் நாற்காலி தேடவில்லை.

டாக்டர் நோட்டை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"அமஞாதான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அமஞாதாதான்."

"ஒம்பதுமா?"

"ஒம்பதும்தான் டாக்டரம்மா. அதுல சந்தேகமே இல்ல." எனெய்தாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த நோட்டை ஒருத்தர் படித்துவிட்டாரே! "அதுவும் இந்த அஞ்சாவது இருக்கே, அதுல முட்டையெல்லாம் வச்சிருச்சு. பிள்ளை குட்டியோட இருக்குதுங்க."

"யாரு?"

"பூச்சிதான். வேற யாரு, நானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். ஆனாலும் அடக்க முடியவில்லை.

"டாக்டரம்மா," என்றேன், "உங்க ஊர்ல காசு வாங்கிட்டு விட்டுக்குடுத்த ஆட்டத்துக்குத்தானே அந்த வார்த்தை?"

"ஆமா. பொய்யா ஜோடிச்சது."

"எங்க ஊரு வானொலியிலயும் அப்படிச் சொல்வாங்க. ஆனா எங்க அடுக்களையில அது வேற. புதுசா வந்த மருமகளைக் கேப்போம், அமஞாச்சான்னு. இடம் பிடிச்சுப் போச்சா, மனசு ஒட்டிடுச்சான்னு அர்த்தம். பூச்சிக்கு அந்தச் செடி பிடிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கா. அவ்வளவுதான்!"

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். கழுத்து வரை சிவந்துபோனது.

"நான் வந்த அன்னிக்கே வாசல் காவல்காரர் கேட்டாரு," என்றார். "அமஞாச்சா டாக்டர்னு. முதல் நாளே என்னை மோசடிக்காரின்னு சொல்றாரேன்னு எட்டு மாசமா அவருக்கு நான் வணக்கமே சொல்லல."

அறையே சிரித்தது. எனெய்தா மட்டும் சிரிக்கவில்லை. என்ன சொல்லித் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்திருந்தது.

"அப்போ என்னைத் திருடின்னு நெனைச்சீங்க," என்றாள்.

"நெனைச்சேன். தப்பு. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். ஒம்பதை என்ன பண்ணப் போறீங்க?"

டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். வேறு யாராவது இருந்தால் வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பார்கள். இவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க சொல்றது நெசம்னா இது பெரிய விஷயம். நாலாம் தெருத் துண்டு பூச்சியைத் துரத்துது. இந்த ஒம்பதுல பூச்சி சுகமா உக்காந்து குடிக்குது, குட்டி போடுது, ஆனாலும் செடி அசையல. அப்படின்னா இது வேற குணம். வேற தெரு. நம்ம வரைபடத்துல ரெண்டாவது ஒரு வீடு இருக்கணும். ஆனா உங்க வார்த்தையை மட்டும் வச்சு நான் வீடு வரைய முடியாது. மறுபடி பாக்கணும். நம்பரை மறைச்சு."

"மறைங்க," என்றாள் எனெய்தா. "கண்ணைக் கட்டிக்கூட விடுங்க."

அறுபது தொட்டி வைத்தோம். ஒன்பது வரிசைக்கும் மும்மூன்று தொட்டி, மீதியெல்லாம் துரத்துகிற நெல்லும் சாகிற நெல்லும் கலந்து. எந்தத் தொட்டியில் எது என்பது எனக்கு மட்டும் தெரியும். பட்டியலை உறையில் போட்டு ஒட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றும் சொன்னார். இந்த ஒன்பதுக்கும் பொதுவாக எந்தத் துண்டு இருக்கிறது என்று கணினியில் அவர் இன்னும் தேடவில்லை, எனெய்தா பார்த்து முடிக்கும்வரை தேடவும் மாட்டார். முன்னாலேயே தேடினால் வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார். அவள் கண் சரியென்றால் ஒன்பதும் வரைபடத்தில் ஏறும், அவள் வேலை அவளுக்கு. இல்லையென்றால் ஒன்பதும் போகும், கேமரா வரும்.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனெய்தாவோடு தொட்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். அவள் இதுதான் சாக்கு என்று என்னைப் படுத்தினாள்.

"என்ன கொம்பாத்ரே, முப்பத்தேழாம் தொட்டியப் பாத்துத் திருதிருன்னு முழிக்கிறீங்க? அங்க என்ன உங்க மாமியாரா இருக்கா?"

"நான் எங்கயும் பாக்கல. தூசி விழுந்துருச்சு."

"பச்சைச் சட்டைக்காரனுக்குப் பொய்கூடச் சொல்லத் தெரியல."

அதிலிருந்து பூச்சிக்கூடத்துக்குள் போனால் தரையைப் பார்த்தே நடந்தேன். இரண்டு முறை கதவில் முட்டிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் சாகிற நெல் படுத்துவிட்டது. அன்றைக்கு அவள் மதிப்பெண் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தொட்டிக்கும் குனிந்து, ஊதி, பார்த்து, சொல்லச் சொல்ல டாக்டரே எழுதினார். மூன்று நாள் ஆயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள், அடுத்ததற்குப் போவாள். ஒரு தடவைகூட முன்னால் சொன்னதை மாற்றவில்லை.

ஜூன் இருபத்தொன்பது, காலை பத்து மணி. விதை கட்டும் கொட்டகையில் நிலையமே கூடிவிட்டது. சமையல்காரி இரண்டு தட்டு பாண்டெபோனோ ரொட்டியோடு வந்து, யாருக்கும் கொடுக்காமல் தானே தின்றுகொண்டு நின்றாள், அவ்வளவு பதற்றம். காவல்காரர் வாசலை விட்டுவிட்டு வந்திருந்தார். உறையைக் கிழித்தேன். நான் வரிசையின் பெயரைச் சொல்லித் தொட்டி எண்களைச் சொல்ல வேண்டும், டாக்டர் எனெய்தா சொன்னதைப் படிக்க வேண்டும்.

"முதல் வரிசை. நாலு, முப்பத்தொண்ணு, அம்பத்திரண்டு."

"ரெண்டு, ரெண்டு, மூணு. மூணுலயும் பூச்சிக்கு இடம் பிடிச்சிருக்கு."

கொட்டகை 'ஓ' என்று கத்தியது. இரண்டாவது, அதுவும் அப்படியே. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதுக்கு டாக்டரின் குரலே உடைந்தது. நான் எண்ணைக் கத்துகிறேன், அவர் பதிலைக் கத்துகிறார், கூட்டம் கோல் விழுந்ததுபோல் ஆர்ப்பரிக்கிறது. எட்டாவது முடிந்தபோது காவல்காரர் தொப்பியை மேலே எறிந்துவிட்டார்.

"ஒம்பதாவது! பதினாறு, முப்பத்தேழு, அறுபது!"

டாக்டர் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எட்டு," என்றார். "எட்டு. ஒம்பது. பூச்சிக்கு இடம் பிடிச்சிருக்கு. ஆனா செடி செத்துக்கிட்டு இருக்கு."

சத்தம் அப்படியே நின்றுபோனது. நான் சும்மா இருக்கவில்லை, என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"ஏப்ரல்ல விதை மாறியிருக்கும்! சீட்டு மாறியிருக்கும்! அந்தத் தட்டுல பக்கத்துச் செடி விழுந்திருக்கும்! என்னமோ ஆயிருக்கும், அதுக்காக..."

"கொம்பாத்ரே." எனெய்தா கையைக் காட்டினாள். "எனக்காகக் காரணம் தேடாதீங்க. ஏப்ரல்ல நான் பாத்துத்தான் போட்டேன். இப்பவும் நான் பாத்துத்தான் போட்டேன். ரெண்டும் சரியா இருக்க முடியாது. அந்தச் செடி இப்ப என் கண்ணு முன்னால செத்துக்கிட்டு இருக்கு. அப்போ ஏப்ரல்ல நான் தப்பு."

"சொல்லிட்டா எல்லாமே போயிரும் கொமாத்ரே!"

"போகட்டும். செத்த செடிய உசிரோட இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா?"

ஏப்ரல் நோட்டை வாங்கினாள். ஒன்பதாவது வரிசையைத் தன் பேனாவால் தானே அடித்தாள். பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதி டாக்டரிடம் நீட்டினாள். எனக்குத்தான் கண்ணெல்லாம் மங்கலாகிவிட்டது. ஒரு பிசகு போதும், இவள் கண்ணை நம்ப முடியாது என்று சொல்லிவிட.

டாக்டர் நோட்டை வாங்கி மேசையில் வைத்தார். கணினியைத் திறந்தார். "இனிமே தேடலாம்," என்றார். "எட்டு வரிசை. எட்டுக்கும் பொதுவா ஏதாவது துண்டு இருக்கான்னு பாக்கலாம்."

நான் மாதக்கணக்கில் அரைத்த இலையெல்லாம் திரையில் பன்னிரண்டு கோடாக வந்து நின்றது. முதல் தெருவில் ஒன்றுமில்லை. இரண்டில் இல்லை. நாலில் இருக்காது என்பது தெரிந்ததுதான். ஏழு, எட்டு, ஒன்பது, வெறுமை. பதினோராம் தெரு வந்ததும் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். தெருவின் கடைக்கோடியில் ஒரு சின்னத் துண்டு. எட்டு வரிசையிலும் இருந்தது, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏப்ரலில் செத்துப்போன வரிசைகளில் தேடினோம், ஒன்றில்கூட இல்லை.

"ரெண்டாவது வீடு!" என்று டாக்டர் கத்தினார். "கடவுளே, ரெண்டாவது வீடு!"

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கே இல்லை. இயக்குநர் சமையல்காரியோடு இரண்டு சுற்று ஆடினார். நான் பச்சைச் சட்டைக்கு வாழ்க என்று ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

எனெய்தா அந்தக் கூச்சலில் கலக்கவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, அந்த ஒம்பதாவதக் காட்டுங்க. நான் அடிச்சது."

ஒருவருக்கும் அது தோன்றவில்லை. டாக்டர் அந்த வரிசையைத் தேடி எடுத்தார். பதினோராம் தெருவுக்குப் போனார், கடைக்கோடிக்குப் போனார். அங்கே நல்ல நெல்தான் இருந்தது. காட்டுத் துண்டு இல்லை.

"இதுல அது கெடையாது," என்றார் டாக்டர். மெல்லிய குரலில் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "இது சாகத்தான் வேணும். நம்பரை மறைச்சு வச்சோம், இலைக் கணக்கை நாங்களே பாக்கல, இவங்க வெறுங்கண்ணால பாத்து இது சாகும்னு சொல்லியிருக்காங்க. எட்டு சரியா வந்ததைக்கூட அதிர்ஷ்டம்னு யாராவது சொல்லலாம். இதை எவனும் சொல்ல முடியாது."

பிறகு எனெய்தாவின் பக்கம் திரும்பினார். "வரைபடத்துல பதினோராம் தெருவுக்குக் கீழ யார் பாத்ததுன்னு ஒரு பேரு போடணும். உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

"எனெய்தா லுகுமி," என்றாள். புருஷன் போனபோது அழாதவள், முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் பார்த்திராதவள், அத்தனை பேருக்கும் முன்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.